ஈவோ நிஸ்கனென் வென்ற பந்தயம் எங்கே போனது?

பெறுநர்:
நெடுந்தொலைவுப் பனிச்சறுக்குக் குழுவினர்,
பன்னாட்டு ஸ்கீ, ஸ்னோபோர்டு கூட்டமைப்பு,
ஓபர்ஹோஃபென், சுவிட்சர்லாந்து.

மதிப்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

2022 பிப்ரவரி 11 அன்று சீனாவின் ஜாங்ஜியாகோவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஃபின்லாந்தின் ஈவோ நிஸ்கனென் 15 கிலோமீட்டர் கிளாசிக் பந்தயத்தை 37 நிமிடம் 54.8 வினாடியில் முடித்துத் தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்த ரஷ்யாவின் அலெக்சாந்தர் பொல்ஷுனோவ் 23.2 வினாடி பின்தங்கினார். மூன்றாமிடம் நார்வேயின் யொஹான்னஸ் கிளேபோவுக்கு. அந்தப் பந்தயம் அடுத்த ஒலிம்பிக்கிலேயே நிரலில் இல்லை. 2026-இல் தனித்தொடக்கப் பந்தயம் (வீரர்கள் அரை நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகக் கிளம்புவது) 10 கிலோமீட்டராகக் குறுகியது, நடையும் ஃப்ரீஸ்டைல் ஆனது. அந்த 15 கிலோமீட்டர் கிளாசிக்கைத் திருப்பிக் கேட்டு எழுதுகிறோம். தமிழ் வாசகர்களும் படிக்கும் மடல் என்பதால், உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிளாசிக் நடையில் இரண்டு ஸ்கீகளும் பனியில் வெட்டிய இணைத்தடங்களில் நேராகப் போகும். ஒரு காலை அழுத்தி உதைத்து மறுகாலில் வழுக்குவார்கள். எதிர்க்கையில் உள்ள கோல் கூடவே ஊன்றும். ஃப்ரீஸ்டைலில் ஸ்கீயைப் பக்கவாட்டில் தள்ளி, ஐஸ் ஸ்கேட்டிங் போல V வடிவில் போகிறார்கள். இதன் தொடக்கமும் ஃபின்லாந்தைத் தொட்டுத்தான் வருகிறது. ஒரு காலைத் தடத்தில் வைத்து, மறுகாலால் பக்கத்தில் தள்ளும் முறைக்கு 1970-களில் அதைப் பரப்பிய பௌலி சீத்தோனெனின் பெயரே நிலைத்தது. ஸ்கேட்டிங் எளிதாக வேகம் தந்ததால், பழைய நடை அழிந்துவிடக் கூடாது என்று 1980-களின் நடுவில் நீங்களே இரண்டையும் தனித்தனிப் பந்தயங்களாகப் பிரித்தீர்கள். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் முதன்முறையாக இரண்டும் தனித்தனியே நடந்தன. அன்று எடுத்த முடிவு சரியானது. அதன் பயன் எவ்வளவு பெரியது என்பதற்கு நிஸ்கனெனின் விளையாட்டு வாழ்க்கையே சான்று.

1992-இல் ஔலுவில் பிறந்தவர். 2014 சோச்சியில், 22 வயதில், சமி யௌஹொயார்வியுடன் அணி ஸ்பிரிண்டில் (இருவர் மாறிமாறி ஓடும் குறுந்தூரப் பந்தயம்) தங்கம், நடை கிளாசிக். 2017-இல் சொந்த நாட்டில், லாஹ்தி உலகப் போட்டியில் 15 கிலோமீட்டர் கிளாசிக் தங்கம். 2018 பியொங்சாங்கில் 50 கிலோமீட்டர் கிளாசிக் தங்கம். அந்த ஒலிம்பிக்கில் ஃபின்லாந்துக்குக் கிடைத்த ஒரே தங்கம் அது. 2022-இல் நாம் மேலே சொன்ன 15 கிலோமீட்டர், யொனி மாகியுடன் அணி ஸ்பிரிண்டில் வெள்ளி, பாதி கிளாசிக், பாதி ஃப்ரீஸ்டைலாக ஓடும் ஸ்கியத்லானில் வெண்கலம். மொத்தம் ஐந்து ஒலிம்பிக் பதக்கங்கள். ஸ்கியத்லானைத் தவிர மற்ற நான்கும் முழுக்க கிளாசிக். அந்த ஸ்கியத்லானிலும் முதல் 15 கிலோமீட்டர் கிளாசிக்கில் முன்னே போனவர் அவர்தான். முடிவில் ரஷ்யர்கள் இருவர் அவரை முந்தினார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒலிம்பிக் 50 கிலோமீட்டரில் ஃபின்லாந்துக்கு 2018-க்கு முன் கடைசியாகத் தங்கம் வந்தது 1960-இல், கலேவி ஹாமலாய்னென் மூலம். 15 கிலோமீட்டரில் 2022-க்கு முன் கடைசித் தங்கம் 1964-இல் ஏரோ மான்த்யுராந்தாவுடையது. இரண்டு இடைவெளியும் 58 ஆண்டுகள். பனிச்சறுக்கைப் பள்ளிப்பாடம் போலக் கற்கும் ஒரு நாடு இரண்டு தலைமுறை காத்திருந்து பெற்ற பதக்கங்கள் இவை.

இனி, கிளாசிக் ஏன் வேறொரு கலை என்பதைச் சொல்கிறோம். ஃப்ரீஸ்டைல் ஸ்கீயின் அடிப்பகுதி முழுவதும் வழுக்கினால் போதும். கிளாசிக் ஸ்கீயோ ஒரே நேரத்தில் வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். ஃபின்னிய மொழியில் பிடிப்பு 'பித்தோ', வழுக்கல் 'லுயிஸ்தோ'. இரண்டுக்கும் நடுவே சமரசம் செய்வதுதான் மெழுகுக்காரரின் வேலை. கிளாசிக் ஸ்கீ வில் போல வளைந்திருக்கும். இரு கால்களிலும் சமமாக நின்றால், குதிகாலிலிருந்து கால்விரலுக்கு முன்னே 40 சென்டிமீட்டர் வரை ஒரு தாளைச் செருகித் தடையின்றி இழுக்கலாம். எடை முழுவதையும் ஒரே காலில் போட்டு அழுத்தினால் அந்தத் தாள் அசையக் கூடாது. இந்த இடைவெளியில்தான் பிடிப்பு மெழுகு பூசுகிறார்கள். வில் இறுக்கமாக இருந்தால் மெழுகு பனியைத் தொடாது, உதைக்கும்போது கால் பின்னால் வழுக்கும். தளர்வாக இருந்தால் இறக்கத்திலும் மெழுகு பனியில் உரசி வேகத்தைத் தின்னும். ஆகவே வீரரின் எடை இரண்டு மூன்று கிலோ மாறினாலும் ஸ்கீ மாற வேண்டியிருக்கும்.

மெழுகு பிடிப்பது எப்படி? உதைக்கும் கணத்தில் பனிப்படிகத்தின் முனை மெழுகுக்குள் குத்தி நிற்க வேண்டும், கால் நகர்ந்ததும் விட்டுவிட வேண்டும். மெழுகு அதிக மென்மையாக இருந்தால் படிகம் விடாது. பனி ஒட்டி, அடியில் கட்டியாகத் திரளும். அதிகக் கடினமாக இருந்தால் படிகம் உள்ளே இறங்காது. குளிர்ந்த புதுப்பனிக்குப் பச்சை, சற்று மிதமான குளிருக்கு நீலம், பூஜ்யத்தை ஒட்டி ஊதா, அதற்கு மேல் சிவப்பு என்று நிறம் பார்த்து எடுப்பார்கள். உருகி மறுபடி உறைந்த கரடுமுரடான பனிக்கு, டியூபில் வரும் பசை போன்ற கிளிஸ்டர். முதலில் மணல்தாளால் அந்தப் பகுதியைச் சொரசொரப்பாக்கி, அடிமெழுகை மெல்லிய படலமாக இஸ்திரிச் சூட்டில் இறக்கி ஆறவிட்டு, மேலே மூன்று முதல் ஆறு படலம் தேய்த்து, ஒவ்வொரு படலத்தையும் கார்க் கட்டையால் சமப்படுத்துவார்கள். ஒரே தடிமனான படலமாகப் பூசினால் அது சீக்கிரம் உரிந்துவிடும். மிகவும் சோதிப்பது பூஜ்யம் டிகிரியில் புதுப்பனி விழும் நாள். தடத்துக்குள் பனி பளபளப்பாகி வழுக்கும், தடத்துக்கு வெளியே ஒட்டும். எந்த மெழுகும் பாதிப் பந்தயத்துக்குத்தான் சரிப்படும்.

ஜாங்ஜியாகோவில் இருந்தது செயற்கைப் பனி. அதன் படிகங்கள் கூரானவை, மெழுகை மணல்தாள் போலச் சுரண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரம், வறண்ட குளிர். அத்தகைய பனியில் 15 கிலோமீட்டர் முடியும்வரை மெழுகு தாங்க வேண்டுமென்றால் அடிமெழுகு சரியாக அமைய வேண்டும், வீரரும் அதைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும். உதை கச்சிதமாக இருந்தால் மெழுகு நெடுநேரம் நிற்கும். உதை தாமதமானால் ஸ்கீ பின்னிழுக்கும், ஒவ்வொரு இழுப்பிலும் மெழுகு போகும். நிஸ்கனெனின் ஆற்றல் இங்கேதான். இடுப்பை முன்னே நிறுத்தி, கால் பாதத்துக்கு நேர் மேலே எடை வந்த கணத்தில் உதைப்பார். ஏற்றத்திலும் வழுக்கலை விடமாட்டார். 10 கிலோமீட்டராகக் குறைத்தால் மெல்லிய மெழுகோடு துணிந்து போய், கடைசியில் பிடிப்பு போனாலும் கைவலிமையால் ஒப்பேற்றிவிடலாம். மூன்றில் ஒரு பங்கு தூரத்தை வெட்டியபோது உதையின் துல்லியத்தைச் சோதிக்கும் பகுதியைத்தான் வெட்டியிருக்கிறீர்கள்.

2018-இன் 50 கிலோமீட்டர் இதற்கு இன்னொரு சாட்சி. கடைசிக் கட்டத்தில் பொல்ஷுனோவும் நிஸ்கனெனும் மட்டுமே முன்னே இருந்தார்கள். நிஸ்கனென் நின்று ஸ்கீ மாற்றினார். பொல்ஷுனோவ் மாற்றாமல் போய்விட்டார். இழந்த வினாடிகளைப் புதிய மெழுகோடு துரத்திப் பிடித்து, 18.7 வினாடி முன்னதாக எல்லையைத் தொட்டார் நிஸ்கனென். காலுக்கடியில் என்ன நடக்கிறது என்று அறிந்தவரே அப்படி நிற்கத் துணிவார்.

2022-23 பருவத்திலிருந்து உலகக் கோப்பையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே தூரம் என்று முடிவெடுத்தீர்கள். அதை மனமார வரவேற்கிறோம். இன்னும் முன்னரே வந்திருக்க வேண்டியது. ஆனால் பெண்களை 15-க்கு உயர்த்தாமல் ஆண்களை 10-க்கு இறக்கியது ஏன்? 50 கிலோமீட்டருக்குப் பெண்களை உயர்த்தினீர்கள், அவர்கள் சிறப்பாகவே ஓடுகிறார்கள். 10 கிலோமீட்டரில் நல்ல போட்டி நடக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. ஈவோவின் அக்கா கெர்த்து நிஸ்கனென் 2022-இல் 10 கிலோமீட்டர் கிளாசிக்கில் நார்வேயின் தெரேசே யொஹௌகிடம் வெறும் 0.4 வினாடியில் தங்கத்தை இழந்தார். அதைவிடப் பரபரப்பான முடிவு வேண்டுமா? அந்த இருவரும் 15 ஓடத் தகுதியற்றவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

தொலைக்காட்சி நேரம் என்ற வாதத்தையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 90 பேர், 30 வினாடி இடைவெளி என்றால் கடைசி ஆள் கிளம்பவே 44 நிமிடம் 30 வினாடி ஆகிவிடும். அவர் 15 கிலோமீட்டரை 55 நிமிடத்தில் முடிக்கிறார் என்று வைத்தால் மொத்தம் 99 நிமிடம் 30 வினாடி. 10 கிலோமீட்டர் ஆக்கினால் அது சுமார் 81 நிமிடம். மிச்சம் 18 நிமிடம்தான். தூரத்தைத் தொடாமல், பின்வரிசையில் கிளம்பும் 50 பேருக்கு மட்டும் இடைவெளியை 15 வினாடியாக்கினால் 12 நிமிடத்துக்கு மேல் மிச்சமாகும். ஸ்பிரிண்ட் தகுதிச்சுற்றில் குறுகிய இடைவெளியில் அனுப்பிப் பழக்கம் உள்ளவர்கள்தானே நீங்கள்.

தனித்தொடக்கத்துக்கு இன்னொரு மதிப்பு உண்டு. எல்லாரும் ஒன்றாகக் கிளம்பும் கூட்டுத்தொடக்கத்தில் சுமாரான ஸ்கீயும் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின் காற்றுத்தடை குறைந்து ஒளிந்துகொள்ளும்; ஒரு சுற்று பின்தங்கியவர் வெளியேற்றப்படுவார். தனித்தொடக்கத்தில் யாரும் ஒளிய முடியாது, யாரும் வெளியேற்றப்படுவதும் இல்லை. 2022-இல் வென்ற நிஸ்கனென், கடைசியாக வந்த கொலம்பிய வீரர் ஆந்த்ரெஸ் குயிந்தானாவுக்காக எல்லையில் காத்திருந்து கைகுலுக்கியதை உலகமே பார்த்தது. இந்தியாவின் தாஷி லுண்டுப் 2010-இலும், நதீம் இக்பால் 2014-இலும், ஜகதீஷ் சிங் 2018-இலும் ஒலிம்பிக்கில் ஓடியது இதே 15 கிலோமீட்டர் தனித்தொடக்கத்தில்தான்.

தூரத்தைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது. தடம் தட்டையாக இருந்தால் கிளாசிக் தானாகவே செத்துவிடும். பிடிப்பு மெழுகு பூசிய ஸ்கீ சமதளத்தில் சற்று மெதுவாகத்தான் போகும். மெழுகே பூசாமல் இரு கோலையும் ஒன்றாக ஊன்றித் தள்ளிக்கொண்டே போனால் சமதளத்தில் லாபம், ஏற்றத்தில் நட்டம். ஏற்றத்தின் நட்டம் சமதளத்தின் லாபத்தைவிடக் குறைவாக இருந்தால் எல்லாரும் மெழுகைக் கைவிடுவார்கள். சுவீடனின் 90 கிலோமீட்டர் வாசலொப்பெட் பந்தயத்தில் முன்னணியினர் அப்படித்தான் போகிறார்கள். இதைத் தடுக்கக் கோலின் நீளத்தைப் பூட்டோடு நிற்கும் உயரத்தில் 83 விழுக்காடு என்று 2016-17 பருவத்தில் வரையறுத்தீர்கள். 180 சென்டிமீட்டர் உள்ளவருக்கு ஏறக்குறைய 149. இரட்டைக்கோல் உந்தலுக்குத் தடைப்பகுதிகளும் வைத்துப் பார்த்தீர்கள். நல்ல முயற்சிகள். ஆனால் நடுவரின் கண்ணைவிட மலை கண்டிப்பானது. 9 முதல் 18 விழுக்காடு சரிவுள்ள ஏற்றங்கள் உங்கள் விதியிலேயே உண்டு. அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து வைக்காமல், ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றையாவது நீளமாக, வேகத்தோடு வந்து ஏறிவிட முடியாதபடி அடிவாரத்தில் ஒரு திருப்பத்தோடு அமையுங்கள். தடைப்பகுதியை அந்த அடிவாரத்திலேயே தொடங்கி, அங்கே நிலையான ஒளிப்படக் கருவி வையுங்கள். ஃப்ளோரின் மெழுகைக் கருவி கொண்டு சோதித்துத் தடைசெய்ய முடிந்த உங்களுக்கு இது கடினமல்ல.

ஒரு ஃபின்லாந்துக்காரரின் 15 கிலோமீட்டர் உங்கள் விதியை மாற்றியது புதிதும் அல்ல. 1980 லேக் பிளாசிடில் யூஹா மியெத்தோ 41 நிமிடம் 57.64 வினாடி எடுத்து, சுவீடனின் தோமாஸ் வாஸ்பெர்யிடம் 0.01 வினாடியில் தங்கத்தை இழந்தார். அதன் பிறகு நெடுந்தூரப் பந்தயங்களில் நேரத்தை வினாடியில் பத்தில் ஒரு பங்கு வரைதான் கணக்கிடுகிறீர்கள். இவ்வளவு நீளமான பந்தயத்தில் வினாடியில் நூறில் ஒரு பங்குக் கணக்கு நியாயமல்ல என்று அன்று ஏற்றுக்கொண்டீர்கள்.

எனவே 2030 பிரெஞ்சு ஆல்ப்ஸ் ஒலிம்பிக்கிலும், இனி வரும் உலகப் போட்டிகளிலும், கிளாசிக் தனித்தொடக்கத்தை ஆண், பெண் இருவருக்கும் 15 கிலோமீட்டராக வையுங்கள். ஒரு ஒலிம்பிக்கில் கிளாசிக், அடுத்ததில் ஃப்ரீஸ்டைல் என்று மாற்றிமாற்றி வைப்பதால் ஒரு நடையில் தேர்ந்தவர் எட்டு ஆண்டு காத்திருக்கிறார். ஒரு வீரரின் உச்சகாலமே அவ்வளவுதான். இரண்டு நடைக்கும் ஒவ்வொரு முறையும் தனித்தொடக்கம் வைக்க இடமில்லையென்றால், ஃப்ரீஸ்டைல் 10 வரும் ஆண்டில் 50 கிலோமீட்டரையாவது தனித்தொடக்க கிளாசிக்காக நடத்துங்கள். அரை நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகக் காட்டுக்குள் போகட்டும். மெழுகு தாங்குகிறதா என்பதை அவரவர் ஸ்கீ சொல்லட்டும்.

இப்படிக்கு,
நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கைத் தொடர்ந்து கவனித்து வரும் தமிழ் ஆர்வலர்கள்