ஐயாவின் ஸ்பூல் ரேப்

உ

சூரிச்
13.02.1994, ஞாயிறு

அன்புள்ள அம்மா அறிவது,

நான் நல்ல சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் ஆண்டவனை வேண்டுகிறேன்.

ஒக்டோபரில் நீங்கள் போட்ட கடிதம் போன கிழமைதான் கைக்கு வந்தது. உறையை யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். எட்டு மாசமாய் ஒரு வரியும் இல்லை, பெற்ற பிள்ளையின் சுகத்தைச் சின்னமாமா வீட்டில் போய்க் கேட்டு அறிய வேண்டிக் கிடக்கு என்று எழுதியிருந்தீர்கள். பிழை என்னுடையதுதான். ஐயா அந்தக் காலத்தில் தன் குறுண்டிக் ரெக்கோடரில் பதிந்து வைத்த ஸ்பூல் ரேப்பைச் சரியாக்கிவிட்டு, அந்தச் சங்கதியோடு எழுதுவோம் என்று நாள் போய்விட்டது. அது பாதி உண்மை.

இங்கே பனி முழங்கால் மட்டும் கிடக்கிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வேலை செய்கிற இடத்திலேயே தருவார்கள். உருளைக்கிழங்கைத் துருவித் தட்டையாய்ப் பொரித்து றோஸ்ரி என்பார்கள். முதல் கிழமை நல்லாய் இருந்தது. இந்த மாசம் கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை. குளிருக்குச் சனம் வெளியில் வருவது குறைவு. எனக்கும் ஓய்வு எடுக்க நல்லது. மற்ற நாட்களில் பாணும் நீங்கள் அனுப்பின மிளகாய்த்தூளில் சம்பலும். நிறைய நேரம் கிடைப்பதால்தான் ரேப் வேலையும் நடந்தது.

கீழ்வீட்டுக் கிழவரைப் பற்றி முந்தி எழுதினேனோ தெரியாது. இந்தக் கட்டிடத்தில் உடுப்புத் தோய்க்கிற மிசின் நிலவறையில் இருக்கிறது. ஆளுக்கொரு நாள், அட்டவணை போட்டு ஒட்டியிருக்கும். என்னுடைய செவ்வாய்க்கிழமை முடிந்து, மிசின் வடியில் நிற்கிற பஞ்சை எடுக்க மறந்துவிட்டேன். மனுசன் அந்தப் பஞ்சை ஒரு தபாலுறைக்குள் போட்டு, மேலே என் பெயரையும் எழுதி, கதவடியில் வைத்துவிட்டுப் போனார். காலமை படியில் கண்டால் "குறூட்சி" என்பார். அது இந்த ஊர் வணக்கமாம், கன நாளாய் நான் அதை இருமல் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு நான் குளித்த சத்தத்துக்குச் சண்டைக்கு வந்தவர், மேசையில் கிடந்த ஐயாவின் ஸ்பூலைக் கண்டதும் சண்டையை மறந்துபோனார். தொடாதே என்று எனக்கே கட்டளை. ஆள் ரேகன்ஸ்டோர்ப் என்ற இடத்தில் ஸ்ரூடர் என்ற ரேப் ரெக்கோடர் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். வில்லி ஸ்ரூடர் என்பவர் 1948இல் தொடங்கின கம்பனி. லண்டனில் பீற்றில்ஸ் 1967இல் பாட்டுப் பதிந்தது எங்கள் மிசினில்தான் என்று நாளுக்கு ஒருக்காலாவது சொல்வார். பீற்றில்ஸ் யார் என்று பெரியண்ணாவைக் கேளுங்கோ.

அவர் வீட்டில் இருப்பது அதே கம்பனி அதே 1967இல் விட்ட ரெவொக்ஸ் ஏ77 ரெக்கோடர். ஐயாவின் குறுண்டிக்கில் ஒரே மோட்டர், மிச்சம் எல்லாம் பெல்ற்றும் சில்லும். இதில் மூன்று மோட்டர். இரண்டு ஸ்பூலுக்கும் ஆளுக்கொன்று, ரேப்பை இழுக்கிற தண்டுக்குத் தனியாய் ஒன்று. தூக்கிப் பார்த்தேன், அரை மூட்டை அரிசிப் பாரம்.

ரேப்பை உடனே போட்டுக் கேட்கலாம் என்று போனவனுக்கு மூன்று ஞாயிறு வேலை வைத்தார். கோயிலில் பூசைக்கு முந்திப் பாத்திரம் துலக்குகிற மாதிரித்தான். பஞ்சு சுற்றின குச்சியை ஸ்பிரிற்றில் தோய்த்து, ரேப்பை வாசிக்கிற ஹெட்டுகளைத் துடைக்க வேணும். பஞ்சில் கறுத்த மண்ணிறமாய் ஒட்டி வருவது பழைய ரேப்புகளில் இருந்து உதிர்ந்த துரு. அந்தத் துருவில்தான் பாட்டே இருக்கிறதாம். ரேப்பை அமத்துகிற ரப்பர் உருளைக்கு மட்டும் ஸ்பிரிற் கூடாது, சவுக்காரத் தண்ணிதான் என்பது அவருடைய சட்டம். பிறகு ஹெட்டில் தங்கியிருக்கிற காந்தத்தை எடுக்க ஒரு கருவி. ரெக்கோடரை நிப்பாட்டி, ஸ்பூல்கள், கசெற்றுகள், என் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அடுத்த அறைக்கு அனுப்பினார். கருவியைத் தள்ளி வைத்தே போட்டு, மெல்லக் கிட்டக் கொண்டுபோய், மெல்லவே வெளியில் எடுத்து, ஒரு முழத்துக்கு மேல் விலகின பிறகுதான் நிப்பாட்ட வேணும். கிட்ட வைத்து நிப்பாட்டினால் இருந்ததைவிடக் கூடக் காந்தம் ஏறிவிடும். அப்போது அவர் மூச்சு விட்டதாய் எனக்கு நினைவில்லை.

ஐயாவின் ஸ்பூலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுற்றுக்குள்ளால் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. அப்படியென்றால் அசற்றேற் என்ற பழைய வகை ரேப். பழசானால் மொருமொருத்து, இழுத்தால் பட்டென்று அறும். அறுந்தால் நல்லது, ஒட்டலாம், பிந்தி வந்த பொலியெஸ்ரர் ரேப் அறாமல் இழுபட்டு நீண்டுவிடும், நீண்டதைச் சுருக்க ஏலாது என்றார். இரண்டு இடத்தில் அறுந்தது. பிளேட்டால் சரிவாய் வெட்டி, முனையோடு முனை பொருத்தி, முதுகுப் பக்கம் அதற்கென்று இருக்கிற ஒட்டு நாடாவைப் போட வேணும். நேராய் வெட்டினால் அந்த இடம் ஹெட்டைக் கடக்கும்போது 'டிக்' என்று கேட்கும். ஓரிடத்தில் ஐயா கடதாசி ஒட்டுகிற சாதாரண செலோரேப்பால் ஒட்டியிருக்கிறார். பசை வழிந்து அடுத்த சுற்றிலும் பிடித்துவிட்டது. அதைக் கண்டு கிழவர் ஒரு சொல் சொன்னார். அதை இங்கே எழுத ஏலாது. ஐயா இருந்திருந்தால் திருப்பி ஒன்று சொல்லியிருப்பார்.

மூன்றாம் ஞாயிறு போட்டோம். இடப் பக்க ஸ்பீக்கரில் கோயில் திருவிழா, நாதஸ்வரமும் தவிலும். வலப் பக்க ஸ்பீக்கரில் பேய் கதைக்கிற மாதிரி ஒன்று. நான் பயந்துபோனேன். குறுண்டிக் ரேப்பின் ஒரு பாதி அகலத்தில் ஒரு பக்கத்தையும், திருப்பிப் போட்டு மற்றப் பாதியில் அடுத்த பக்கத்தையும் பதிகிறது. ரெவொக்ஸ் இரண்டு பாதியையும் ஒன்றாய் வாசிப்பதால் இரண்டாம் பக்கம் பின்னுக்கிருந்து முன்னுக்கு ஓடுகிறது. ஒரு ஸ்பீக்கரை அடைத்ததும் சரி. அந்தத் தவில் யாருடையது அம்மா? அட்டையில் ஐயா எழுதின மை அழிந்துபோச்சு. தட்சணாமூர்த்தியாய் இருக்கும் என்று சின்னமாமா கொழும்பில் நின்று ரெலிபோனில் சொல்கிறார். அவருக்கு நல்ல தவில் எல்லாம் தட்சணாமூர்த்திதான்.

மற்றப் பக்கத்தில் அப்பு தேவாரம் பாடுகிறார். அவர் வாய் திறக்க முந்தியே, அதே அடி மெல்லிசாய் ஒருக்கால் தூரத்தில் கேட்கிறது. கன வருசம் இறுக்கிச் சுற்றி வைத்தால் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் பதிந்துவிடுமாம். வால், அதாவது பாட்டு முடிகிற முனை, வெளியில் இருக்கச் சுற்றி வைத்திருந்தால் பின்னுக்கு எதிரொலி மாதிரிக் கேட்கும், காதுக்கு உறுத்தாது. இனி அப்படித்தான் வைக்கச் சொன்னார். எனக்கு முன்னுக்குக் கேட்பதே பிடித்திருக்கிறது.

பாட்டுக்கு நடுவில் கிறீச் என்று ஒரு சத்தம். கிழவர் பாய்ந்து நிப்பாட்டினார். காய்ந்த ரேப் ஹெட்டில் உரசினால் இப்படிக் கீச்சிடுமாம். திரும்பவும் ஸ்பிரிற், திரும்பவும் பஞ்சு. போட்டால் அதே இடத்தில் கிறீச். முன் மூடியைக் கழற்றி, ரோச் அடித்து, ரப்பர் உருளையை விரலால் சுற்றிப் பார்த்தார். மனுசனுக்கு முகம் சிவந்துபோச்சு. மூன்றாம் முறை நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். கிறீச். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கிறீச். பிறகு பட்டையிலிருந்து தண்ணி வாய்க்காலில் விழுகிற சத்தம்.

எங்கள் பின்வளவுக் கிணற்றுத் துலா அம்மா.

எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் துலா இல்லை. பனந்துலாவின் மேல் ஏறி மிதிக்கிற ஆள் மாதிரி அவர் வீட்டு விறாந்தையில் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து, மிதித்துக் காட்டினேன். பனைமரத்தின் மேலோ, கயிறு கட்டாமலோ என்று கேட்டார். பிறகு நான் அவர் குளியலறைக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். வெளியில் வந்தபோது கோப்பி போட்டு வைத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பூல் பெட்டியில் பென்சிலால் 'கிணறு' என்று தன் மொழியில் எழுதி, பக்கத்தில் ஆண்டுக்கு இடம் விட்டிருக்கிறார். அதை நீங்கள்தான் சொல்ல வேணும். கடைசியில் ஒரு பிள்ளை அழுகிறது, "மிசினை நிப்பாட்டுங்கோவன்" என்று நீங்கள் ஐயாவை ஏசுகிறீர்கள். அழுவது நானோ பெரியண்ணாவோ?

மண்ணெண்ணெய் இல்லாததால் பம்பை மூடி வைத்துவிட்டு, திரும்பத் துலாப் போட்டிருப்பதாய் எழுதியிருந்தீர்கள். அது பழைய ஆடுகாலிலேயோ? பெரியண்ணா முதுகு நோவோடு மிதிக்க வேண்டாம். கூலிக்கு ஆள் பிடியுங்கோ. நான் தாறேன்.

ரேப்பைக் கசெற்றில் ஏற்றியாச்சு. ஐயாவின் ஸ்பூல் 270 மீற்றர், விநாடிக்கு 9.5 சென்ரிமீற்றர் ஓடினால் ஒரு பக்கம் 47 நிமிஷம். 90 நிமிஷக் கசெற்றில் பக்கத்துக்கு 45தான். மிஞ்சின இரண்டிரண்டு நிமிஷத்தை இன்னொரு கசெற்றில் போட்டு, அதில் நானும் கொஞ்சம் கதைத்திருக்கிறேன். கொழும்புக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன், அங்கிருந்து சின்னமாமா கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில் கொண்டுவருவார். இரண்டு சவ்வுப் பைக்குள் சுற்றச் சொல்லியிருக்கிறேன். பற்றரி கிடைக்காது, சைக்கிள் டைனமோவில்தான் போடுவீர்கள் என்று தெரியும். தங்கச்சியை மிதிக்க விடாதேங்கோ. அவள் அவதியில் மிதித்தால் அப்பு பெண் குரலில் பாடுவார். ஸ்பூலை மட்டும் அனுப்பவில்லை. வெக்கையும் ஈரமும் படாமல் நிமிர்த்தி வைக்க வேணுமாம், கிழவரின் அலுமாரியில் பத்திரமாய் நிற்கிறது.

தங்கச்சியின் கலியாண விசயம். கனடா மாப்பிள்ளை வீட்டார் காசாய்க் கேட்பதாய் எழுதியிருந்தீர்கள். அதற்காக ஒழுங்கைக் கரைக் காணியை விற்க வேண்டாம். காணி உறுதியைச் சின்னமாமா கேட்டாலும் கொடுக்க வேண்டாம், பிரதி ஒன்று எடுத்துப் பெரியக்கா வீட்டிலும் வையுங்கோ. சித்திரை மட்டும் பொறுக்கச் சொல்லிக் கதையுங்கோ. இந்த முறை உண்டியல்காரர் மூலம் 150 பிராங்தான் அனுப்பியிருக்கிறேன். வங்கியில் ஒரு சின்னச் சிக்கல், வேறொன்றும் இல்லை. அடுத்த மாசம் கூட வரும். அதில் முதல் உங்கள் கண்ணாடியை மாற்றுங்கோ, பிறகு சீட்டுக்குக் கட்டுங்கோ. பெரியண்ணா புகையிலைக் கணக்கை எனக்குத் தனியாய் எழுதட்டும். போன முறை எழுதினதில் கூட்டல் பிழை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்