மப்ளர் ரயிலில் போகவில்லை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். தூத்துக்குடியில் மழை விட்டாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

போன வாரம் போனில் மப்ளர் எங்கே என்று கேட்டாய். சியோல் ரயிலில் விட்டுவிட்டேன் என்றேன். ரயில்வேக்காரர்களுக்கு எழுதிக் கேட்கிறேன் என்றாய். கேட்காதே அம்மா. அது ரயிலில் போகவில்லை. டேஜானில் உன் ஆய்வகத்துக்குப் பின் தெருவில், முதல் நாள் ராத்திரி என்னைக் கூட்டிப் போனாயே, அந்தக் கல்குக்சு நூடுல்ஸ் கடையில் இருக்கிறது. அடுப்பங்கரையை ஒட்டின மேசை, சுவரோரத்து நாற்காலி.

அந்தக் கடைக்கு ஒரு நாள்தானே போனோம், மப்ளர் வாங்கியதே அதற்கு மறுநாள்தானே என்று நீ கணக்குப் போடுவாய். கணக்கு சரிதான். அப்புறம் நான் தனியாக ஐந்து தடவை போனேன். உன்னிடம் சொல்லவில்லை.

வெட்கம்தான் காரணம். அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். பதினொரு மணி நேரத்துக்கு மேல் பயணம், வெளியே பல்லைக் கிட்டிக்கும் குளிர். நீ ஆசையாகக் கூட்டிப் போனாய். மேசைக்குப் பக்கவாட்டில் இழுப்பறையைத் திறந்து கரண்டியும் குச்சியும் எடுத்து வைத்தாய். நான் வீடு பூராவும் தேடினாலும் அப்படி ஒரு இடத்தில் கரண்டியைத் தேடியிருக்க மாட்டேன். கை கழுவும் பேசின் அளவுக்கு ஒரு கிண்ணம் வந்தது. ஒரு வாய் குடித்தேன். "சப்புன்னு இருக்கே, உப்புப் போட மறந்துட்டாங்களா?" என்றேன். பாதியோடு கரண்டியை வைத்துவிட்டேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. என் கிண்ணத்தை உன் பக்கம் இழுத்து மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தாய்.

நாற்பது வருடம் புரோட்டாக் கடை நடத்தினவன் நான். இன்னொருத்தர் அடுப்பைப் பற்றி அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நம் கடையில் யாராவது சால்னாவை அப்படிச் சொல்லியிருந்தால் உன் தாத்தா அவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருப்பார்.

மூன்றாம் நாள் நீ ராத்திரி ஒன்பதுக்குத்தான் வருவேன் என்று போய்விட்டாய். குக்கரில் சோறு இருந்தது. காலாற நடக்கலாம் என்று அந்தத் தெரு வழியாகப் போனேன். கடைப் பக்கச் சந்தில் புகை போகும் குழாயிலிருந்து ஒரு வாடை வந்தது. நின்றுவிட்டேன். நெத்திலிக் கருவாடு! நம் திரேஸ்புரத்துக் கடற்கரை வாடை, கொரியாவில், நவம்பர் குளிரில். உள்ளே போகாமல் எப்படி இருப்பது?

தனியாக வருகிறவர்களைக் கடைக்காரம்மா அடுப்பங்கரைப் பக்கம்தான் உட்காரவைக்கிறார். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. அங்கிருந்து எல்லாம் தெரியும். ஒரு தட்டு நிறையக் காய்ந்த நெத்திலி. நம் ஊர் நெத்திலியைவிடப் பெரிசு, விரல் நீளம். தலையைக் கிள்ளுகிறார், வயிற்றைப் பிளந்து கறுப்பாக இருக்கிற குடலை நகத்தால் எடுக்கிறார். இல்லாவிட்டால் கசக்கும். நம் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து செய்ததில் இருந்து ஒரு அசைவு மாறவில்லை. அப்புறம் எண்ணெய் இல்லாமல் வெறும் சட்டியில் வறுக்கிறார். பச்சை வாடை போனதும் தண்ணீர். கூடவே பலகை மாதிரி காய்ந்த கடற்பாசி ஒரு துண்டு, தாசிமா. பாசியைச் சீக்கிரம் எடுத்துவிடுகிறார், கிடந்தால் வழவழப்பாகிவிடும் போல. நெத்திலி இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கிறது. நாம் கருவாட்டைக் குழம்பில் தேடித் தேடித் தின்போம். அவர்கள் சாரத்தை இறக்கிக்கொண்டு சக்கையை வீசிவிடுகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை, இருந்தாலும் அந்தத் தண்ணீரின் நிறம் இருக்கிறதே, லேசான டீத் தண்ணீர் மாதிரி, தெளிவு.

மாவு வேலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மாவு முன்கூட்டியே பிசைந்து ஊறியிருக்கிறது. உருண்டையை அழுத்தினால் மெதுவாக எழுந்து வருகிறது, தூரத்தில் இருந்தே தெரிந்தது. கட்டை என் கை நீளம். மாவு தூவித் தூவித் தேய்த்து, வேட்டி மடிப்பதுபோல் மடித்து, கத்தியால் டக்டக்கென்று அறுக்கிறார். அங்கே 'கல்' என்றால் கத்தியாம், 'குக்சு' நூடுல்ஸாம். கல்லில் போட்டால் நம் பிழைப்பு, கல்லால் அறுத்தால் அவர்கள் பிழைப்பு. அறுத்த கீற்றுகளை உதறுகிறார், ஆனால் ஒட்டியிருக்கிற மாவை முழுசாகத் தட்டுவதில்லை. அப்படியே கொதிக்கிற நெத்திலித் தண்ணீரில் போடுகிறார். அந்த மாவுதான் தண்ணீரைக் கெட்டியாக்குகிறது. கஞ்சி வடிக்காமல் பொங்கின சோறு மாதிரி. ஆண்டாங் பக்கத்தில் தனியாக வேகவைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, அப்புறம் சாறு ஊற்றுவார்கள் என்று நீ முதல் நாள் சொன்னாய். அது வடித்த சோறு. இரண்டுக்கும் ருசி வேறுதான். அன்றைக்கு நான் காதில் வாங்கவில்லை.

சப்பென்று இருந்ததற்கும் காரணம் தெரிந்தது. பக்கத்து மேசைக்காரர் மிளகாய் விழுதைக் கரண்டி நுனியில் எடுத்துக் கரைத்துக்கொண்டார். ஒவ்வொரு வாய்க்கும் அன்று பிசைந்த, புளிக்காத கிம்ச்சி, அதுதான் அந்த முட்டைக்கோஸ் ஊறுகாய், ஒரு துண்டு. நான் கிம்ச்சித் தட்டைத் தொடவே இல்லை. சட்னி, சாம்பார் எதையும் தொடாமல் வெறும் இட்லியைத் தின்றுவிட்டு உப்பில்லை என்று சொன்ன கதை.

இரண்டாம் தடவை போனபோது ஒரு கூத்து. கடைக்காரம்மா வந்து என்னவோ கேட்டார். நன்றாக இருக்கிறதா என்றுதான் கேட்கிறார் என்று நினைத்து, தலையை ஆட்டி "சரி, சரி" என்றேன். போனார். கொஞ்ச நேரத்தில் வேகவைத்த நூடுல்ஸ் இன்னொரு உருண்டை கொண்டுவந்து என் கிண்ணத்தில் போட்டுவிட்டார். கேட்கவில்லையே என்று கையை ஆட்டினேன். அவர் சுவரைக் காட்டினார். போனில் உள்ள மொழிபெயர்ப்பை அந்தப் பலகைமேல் பிடித்துப் பார்த்தால், 'சாரி' என்றால் கூடுதல் நூடுல்ஸாம், 2,000 வோன். வாயைத் திறந்தால் அதற்கு விலை. 9,000 வோன் கிண்ணத்தோடு 11,000 கொடுத்துவிட்டு வந்தேன். முழுக்கச் சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த நாளில் இருந்து நான் நுழைந்ததுமே அவர் "சாரி?" என்பார், நான் "சரி" என்பேன். இப்படி ஒரு கடைக்காரரும் வாடிக்கைக்காரரும் ஒரே வார்த்தையில் காலம் தள்ளியதை நான் பார்த்ததில்லை.

அவரை 'இமோ' என்று கூப்பிடுகிறார்கள். சித்தி, பெரியம்மா என்று நீ சொன்னாய். நம் மெஸ்ஸில் அக்கா என்கிற மாதிரி. எனக்கு வயது அறுபத்தைந்து, அவரும் கிட்டத்தட்ட அதே, நான் எப்படி சித்தி என்பது? கூப்பிடாமலே சமாளித்தேன்.

நான்காம் தடவை மழை. கடைவாசலில் வரிசை. மழை பெய்தால் அவர்களுக்குக் கல்குக்சு ஞாபகம் வருமாம், நமக்குப் பஜ்ஜி மாதிரி. குடையோடு நின்ற நேரத்தில், நீ அன்றைக்குச் சொன்ன ரயிலடிக் கதையை யோசித்துக்கொண்டிருந்தேன். 1950களில் சண்டை ஓய்ந்த பிறகு அமெரிக்காவின் உபரி கோதுமை கப்பல் கப்பலாகக் கொரியாவுக்குப் போனது, ரயில் பாதைகள் பிரிகிற ஊர் என்பதால் டேஜானுக்கு மாவு மூட்டைகள் வந்து குவிந்தன, அதனால்தான் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு கல்குக்சு என்றாய். அந்தப் பெரிய பேக்கரி, சொங்சிம்தாங், அதுவும் 1956இல் வடக்கிலிருந்து அகதியாக வந்தவர் மாதாகோயிலில் கொடுத்த இரண்டு மூட்டை மாவை வைத்து ரயிலடியில் அவித்த பன் விற்று ஆரம்பித்தது என்றாய். அங்கேயும் வரிசை நீளம் என்று நான் முனகினதுதான் மிச்சம்.

அதே கோதுமைதான் நமக்கும் வந்தது. பி.எல். 480 என்று அந்த அமெரிக்க உணவு உதவித் திட்டத்துக்குப் பேர். அமெரிக்காவோடு கொரியா 1955இல் கையெழுத்துப் போட்டது, நாம் 1956இல். எனக்கு ஆறேழு வயது இருக்கும்போது தாத்தா ரேஷனில் அதை வாங்கிவந்து என்ன செய்வது என்று தெரியாமல் ஆச்சியிடம் திட்டு வாங்குவார். சாஸ்திரி திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடச் சொன்னதும், 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று சுவர் முழுக்க எழுதினதும் அந்தக் காலம். கொரியாவில் இன்னும் கெடுபிடி. 1969இல் இருந்து புதன், சனிக்கிழமைகளில் பகல் பதினொன்றில் இருந்து ஐந்து மணிவரை ஓட்டல்களில் அரிசிச் சாப்பாடே விற்கக் கூடாதாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிள்ளைகளின் டிபன் பாக்ஸைத் திறந்து வெறும் அரிசிச் சோறா, தானியம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பாராம். தெக்கத்தி ஊர்களில் புரோட்டாக் கடை பெருகினதற்கும் அந்த அரிசிப் பஞ்சத்தைத்தான் சொல்வார்கள். தாத்தா 1971இல் கடை போட்டார். அதே பஞ்சம் அங்கே கத்தியில் போயிற்று, இங்கே கல்லில் போயிற்று. குடையில் தண்ணீர் சொட்ட அதை நினைத்துக்கொண்டு நின்றேன்.

ஒன்று பிடித்தது. அந்தக் கடையில் ஐந்தே ஐந்து அயிட்டம். நானும் 2005இல் பிரைட் ரைஸ், நூடுல்ஸ் என்று போர்டில் ஏற்றாமல் புரோட்டாவோடு நின்றிருக்கலாம். இப்போது பேசி என்ன, கடையை மூடியே மூன்று வருடம் ஆகிறது.

கடைசி நாள் மதியம் கூட்டம் குறைந்த நேரம். இமோ போனை எடுத்து எதையோ பேசி என் முன்னால் நீட்டினார். அது தமிழில் பேசியது: "உங்கள் மகள் காரமான மிளகாய் அதிகம் கேட்கிறாள். வயிறு கவனம்." நான் யார், நீ யார் என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது! பாதிக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போன ஆள் என்பதும் தெரிந்திருக்கும். நீ வியாழக்கிழமை ராத்திரி வருவாயாம், சொங்யாங் மிளகாய் ஐந்தாறு வாங்கிக் கடித்துக்கொண்டு சாப்பிடுவாயாம். அன்றைக்கு என் முன்னால் நீ ஒரு மிளகாய்கூடக் கேட்கவில்லை. ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அந்தச் சாறு எப்படி இருக்குமோ அப்படியே நான் குடிக்க வேண்டும் என்று நினைத்தாயோ என்னவோ.

அவருக்குப் பதில் சொல்ல எனக்குப் போனில் பேசத் தெரியவில்லை. "சரி" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு உருண்டை கொண்டுவந்து போட்டார். கல்லாவில் அதற்குக் காசு வாங்கவில்லை. வாசலில் அந்த இலவசக் காபி மெஷினில் ஒரு காபி பிடித்துக் குடித்துக்கொண்டே தெரு முனைவரை வந்த பிறகுதான் கழுத்து குளிர்ந்தது. திரும்பினால் கதவில் பலகை மாட்டிவிட்டார்கள், மூன்று மணிக்கு இடைவேளை. மறுநாள் விடியற்காலை ரயில்.

இங்கே வந்து செய்து பார்த்தேன். மைதா, திரேஸ்புரத்து நெத்திலி, கத்தி எல்லாம் சரிதான். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "கருவாட்டுக் கூழா? கொஞ்சம் புளி கரைச்சு ஊத்துங்க" என்றாள். வெள்ளிக்கிழமை என்று அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. நான் இரண்டு நாள் அடுப்பங்கரைப் பக்கம் போகவில்லை. தாசிமா இல்லாமல் அது சரிப்படாது. பொங்கலுக்கு வரும்போது ஒரு கட்டு எடுத்து வா.

மப்ளரை வாங்க இரண்டு மணிக்குப் போ, மூன்றானால் கதவைச் சாத்திவிடுவார்கள். 2,000 வோன் பாக்கி நிற்கிறது. கொடுத்தால் வாங்க மாட்டார், கரண்டி இழுப்பறையில் வைத்துவிட்டு வந்துவிடு. மிளகாயைக் குறை.

இப்படிக்கு,
அப்பா