ஹாலிபட் ஏன் கிடைப்பதில்லை?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"ஹாலிபட் கேட்டால் இல்லை என்கிறீர்கள், யெல்லோஃபின் சோல் மட்டும் எப்போதும் இருக்கிறதே, ஏன்?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். இரண்டும் தட்டைமீன்கள்தான். நியாயமான கேள்வி. உறைய வைத்த தட்டைமீன்களை வரவழைத்து விற்பவர்கள் நாங்கள், விளக்கம் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

பசிபிக் ஹாலிபட்டை அமெரிக்காவும் கனடாவும் 1923-இல் போட்ட ஒப்பந்தப்படி சேர்ந்து நிர்வகிக்கின்றன. 2000-களின் தொடக்கத்தில் பிடித்ததில் பாதிகூட இப்போது பிடிப்பதில்லை. அப்புறம், மீனும் சிறுத்துவிட்டது. அதே வயது மீன் 1980-களில் இருந்த எடைக்கு இப்போது வருவதில்லை. அட்லாண்டிக் ஹாலிபட் வேறு இனம். அமெரிக்காவின் வடகிழக்கே உள்ள நியூ இங்கிலாந்து கடலில் அதை 19-ஆம் நூற்றாண்டிலேயே வாரி முடித்துவிட்டார்கள். கனடாப் பக்கம் மட்டும் சமீப காலத்தில் நன்றாகத் தேறியிருக்கிறது.

யெல்லோஃபின் சோல் அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் இருந்து வருகிறது. 1961-இல் சோவியத், ஜப்பான் கப்பல்கள் அங்கே ஐந்து லட்சம் டன்னுக்கு மேல் அள்ளின. அடுத்த சில ஆண்டுகளில் மீன் வெகுவாகக் குறைந்தது. மீண்டு வரப் பல ஆண்டுகள் ஆயின. இன்று உலகிலேயே பெரிய தட்டைமீன் பிடிப்பு அதுதான்.

பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே உள்ள வடகடலில் கிடைக்கும் பிளேஸ் என்ற தட்டைமீன் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே கணக்கு தலைகீழ். 1980-களின் இறுதியில் பிடிப்பு உச்சத்தில் இருந்தது, பிறகு சரிந்தது. சுமார் 2008-க்குப் பின் கடலில் மீன் பெருகியது. ஆனால் சமீப ஆண்டுகளில் கரைக்கு வருவது குறைந்துவிட்டது, அனுமதித்த அளவைக்கூடப் படகுகள் பிடிப்பதில்லை. நெதர்லாந்துப் படகுகள் பயன்படுத்திய மின்துடிப்பு வலைக்கு (கடலடி மீனை லேசான மின்சாரத்தால் கிளப்பிப் பிடிப்பது) ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் முழுத் தடை போட்டது. மறுபடி கடலடியில் இழுத்துச் செல்லும் கனமான சங்கிலி வலைக்குத் திரும்பினார்கள், அது டீசலைக் குடிக்கும். 2022-இல் டீசல் விலை ஏறியது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட் வேறு. பல படகுகளை அரசு உதவித்தொகையோடு உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். பிளேஸ் வரத்து குறைந்தால் கடலில் மீன் தீர்ந்துவிட்டது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தை அடுத்த கிராண்ட் பேங்க்ஸ் கடல் பகுதியில் 1990-களின் நடுவில் இரண்டு தட்டைமீன்களின் பிடிப்பை நிறுத்தினார்கள். யெல்லோடெயில் ஃபிளவுண்டர் 1998-லேயே திரும்ப வந்துவிட்டது. அதே நீரில் வாழும் அமெரிக்கன் பிளேஸ் (வடகடல் பிளேஸ் அல்ல, வேறு இனம்) பல்லாண்டுகள் கழிந்தும் மீளவில்லை. அதனால் 'அமெரிக்கன் பிளேஸ்' என்று யார் கொண்டுவந்தாலும் எந்தக் கடல் என்று கேட்காமல் நாங்கள் வாங்குவதில்லை.

சரி, இனி எங்கள் பொட்டலங்களில் மீனின் பெயரோடு பிடித்த கடலின் பெயரும் இருக்கும். ஹாலிபட் என்றால் பசிபிக்கா, அட்லாண்டிக்கா, பண்ணையில் வளர்ந்ததா என்பதையும் தெளிவாக எழுதுவோம். வரத்து இல்லாத வாரங்களில் வேறு மீனை அதே பெயரில் தர மாட்டோம், இல்லை என்றே சொல்வோம்.

அன்புடன்,
உங்கள் மீன் விற்பனையாளர்கள்