எஸ்.எஸ்.பி.க்குப் போகும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை: உயர்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உயர்கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கும், போட்டித் தேர்வுப் பயிற்சித் திட்டங்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் நடத்திக்கொண்டு, கூடவே என்.சி.சி. அலுவலராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருக்கும்போதே இந்தக் கடிதத்தை எழுதியிருந்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குறிப்பாணை வீடு தேடி வந்திருக்கும். இப்போது ஓய்வூதியர் என்பதால் கொஞ்சம் துணிச்சல்.

சென்ற மாதம் ஓர் அலுவலகத்திலிருந்து வந்த பதில்தான் இதை எழுத வைத்தது. எந்த அலுவலகம் என்று சொல்லி அங்கே கையெழுத்துப் போட்டவரைச் சங்கடப்படுத்த விருப்பமில்லை. ராணுவ ஆபீசர் தேர்வுக்கு, அதாவது எஸ்.எஸ்.பி. என்னும் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கு, தயாராகும் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சிக்கால உதவித்தொகை கிடைக்க வழி உண்டா என்று கேட்டிருந்தேன். என்.சி.சி.யின் கடைசிக் கட்டத் தேர்வான சி சர்டிபிகேட் வாங்கிய பிள்ளைகள் நேராக எஸ்.எஸ்.பி.க்குப் போகும் சிறப்பு நுழைவுக்கு எழுத்துத் தேர்வு கிடையாதாம். அதனால் அது 'போட்டித் தேர்வு' என்ற வரையறைக்குள் வராதாம். கோரிக்கை பரிசீலனைக்கு ஏற்றதல்ல என்று ஒரே பத்தியில் முடித்துவிட்டார்கள்.

அந்தச் சிறப்பு நுழைவில் நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரு தடவைக்கு ஆண்களுக்கு ஐம்பது முதல் எழுபது இடம், பெண்களுக்கு ஐந்தாறு. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை சி சர்டிபிகேட் வைத்திருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் அதற்குத்தான் மோதுகிறார்கள். இது போட்டி இல்லையென்றால் வேறு எது போட்டி? மார்கழி மாதக் கோலப் போட்டியா?

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகிறவர்களில் ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருவதாக 2023-ல் அறிவித்தீர்கள். முதல்நிலையில் தேறினால் 25,000 ரூபாய். நல்ல திட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. வங்கி, ரயில்வே, எஸ்.எஸ்.சி. தேர்வுகளுக்கு உறைவிடப் பயிற்சியும் வைத்தீர்கள். அதே பட்டியலில் ராணுவ ஆபீசர் தேர்வையும் சேருங்கள். ஆயிரம் பேர் வேண்டாம், நூறு பேர் போதும். உதவித்தொகையோடு எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கு உறைவிடப் பயிற்சியும் கொடுங்கள். கோரிக்கை அவ்வளவுதான்.

என் என்.சி.சி. கம்பெனியில் சீனியர் அண்டர் ஆபீசராக, அதாவது கேடட்டுகளுக்குத் தலைவனாக, இருந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். பையன் சி சர்டிபிகேட்டில் 'ஏ' கிரேடு. துப்பாக்கிச் சுடுதல், மேப் ரீடிங், தடை தாண்டுதல் எதிலும் சோடை போனவன் இல்லை. முகாமில் இரண்டு பையன்களுக்கு நடுவே சண்டை மூண்டால், பட்டாலியன் ஹவில்தார் போய்ச் சேருமுன் இவன் போய் முடித்துவைத்துவிடுவான். சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பித்து, பெங்களூருக்கு எஸ்.எஸ்.பி. அழைப்பும் வந்தது.

ஐந்து நாள் தேர்வு. அவன் முதல் நாள் மதியம் திரும்பிவிட்டான்.

நடந்தது இதுதான். காலையில் நுண்ணறிவுச் சோதனை, அது தடையில்லாமல் முடிந்தது. அடுத்து, மங்கலான ஒரு படத்தைத் திரையில் முப்பது வினாடி காட்டுவார்கள். நாலு நிமிடத்தில் அதற்கு ஒரு கதை எழுத வேண்டும். எழுதிவிட்டான். பிறகு பதினைந்து பேரை வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கொரு நிமிடம் அவரவர் கதையைச் சொல்லி, கூடிப் பேசி ஒரே கதையாக்கச் சொல்வார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். தன் முறை வந்தபோது பாதியில் வார்த்தை முட்டி நின்றதாம். கூடிப் பேசும் கட்டம் வந்ததும் ஒரே சந்தைக் கூச்சல். பள்ளியிலிருந்தே விவாத மேடை பார்த்த பையன்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கிலம் தடுக்கினால் நடுவே இந்திக்குத் தாவவாவது முடிந்தது. இவன் 'ஜென்டில்மென்' என்று ஆரம்பித்து அதற்கு மேல் ஒரு வாக்கியம் முழுதாகச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. பிறகு மார்பு எண்ணை வாசித்தார்கள். வாசிக்கப்பட்டவர்கள் உள்ளே. மற்றவர்களை வண்டியில் ஏற்றி ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள்.

தேர்வு வாரியத்தின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்கள் முறை எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் குழு விவாதத்தில் உட்கார்ந்திராத பையனை நேராக அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தது யார்? மூன்று வருடம் சனிக்கிழமை தவறாமல் அவனுக்கு அணிவகுப்புச் சொல்லிக் கொடுத்தோம், 'சாவ்தான், விஷ்ராம்' சொல்லிக் கொடுத்தோம். பரேடு முடிந்ததும் பொங்கல் வடை கொடுத்தோம். ஒரு வட்டத்தில் உட்கார்ந்து மற்றவன் பேச்சுக்கு நடுவே எப்படி மரியாதையாக நுழைவது என்பதைச் சொல்லிக் கொடுக்க எங்களுக்கு நேரமும் இல்லை, ஆளும் இல்லை, காசும் இல்லை.

அதைச் சொல்லிக் கொடுக்கத் தனியார் அகாடமிகள் இருக்கின்றன. இரண்டு மூன்று வாரத்துக்கு அவர்கள் வாங்கும் கட்டணமும், தங்கும் செலவும், சாப்பாடும் சேர்த்தால் மண்டியில் மூட்டை தூக்குகிறவர் எத்தனை மாதம் தூக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது வணிகவியல் வாத்தியாருக்குப் பெரிய வேலை இல்லை. போட்டுப் பார்த்தேன். பையனிடம் சொல்லவில்லை. இதில் இன்னொன்றும் உண்டு. எஸ்.எஸ்.பி.க்கு ஒரு வகை நுழைவில் முதல் தடவை போகும்போதுதான் ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். அதே நுழைவுக்கு மறுபடி போனால் கைக்காசு. முதல் தடவையே தேறுகிறவர்கள் குறைவு. மூன்றாவது, நாலாவது முறை போய்த்தான் பலர் தேறுகிறார்கள். அந்த மூன்றாவது முறை வரை தாங்குகிற குடும்பத்துப் பிள்ளைதான் ஆபீசர் ஆகிறது.

இப்போது அந்தப் பையன் ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலையில் இருக்கிறான், ஷிப்டு மாற்றி மாற்றி. சிறப்பு நுழைவுக்கு வயது வரம்பு 25. அவனுக்கு இன்னும் கொஞ்சம் காலம் இருக்கிறது. அரசாணை நடக்கிற வேகத்தை நினைத்தால்தான் கவலை.

மத்திய அரசின் பொறுப்பு இது, மாநிலத்துக்கு என்ன வேலை என்று கோப்பில் யாராவது குறிப்பு எழுதக்கூடும். ஐ.ஏ.எஸ். தேர்வை நடத்துவதும் மத்தியத் தேர்வாணையம்தானே ஐயா? மகாராஷ்டிரம் 1977-லேயே அவுரங்காபாத்தில், இன்றைய சத்ரபதி சம்பாஜிநகரில், மாணவர்களை ராணுவ அகாடமிக்குத் தயார் செய்ய அரசு நிறுவனம் தொடங்கியது. எஸ்.எஸ்.பி. அழைப்பு வந்த அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு நாசிக்கில் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து இலவசப் பயிற்சி. பஞ்சாப் 2011-ல் மொகாலியில் மகாராஜா ரஞ்சித் சிங் பெயரில் ஒன்று, அதற்குப் பின் பட்டப் படிப்புப் படிக்கும் பெண்களை ஆபீசர் தேர்வுக்குத் தயார் செய்ய மாய் பாகோ பெயரில் இன்னொன்று. அமெரிக்கா 1916-லேயே சட்டம் போட்டுக் கல்லூரிகளுக்குள் ஆபீசர் பயிற்சியைக் கொண்டுவந்தது. 1964-க்குப் பிறகு அதற்குப் படிப்புச் செலவை ஏற்கும் உதவித்தொகையும் சேர்ந்தது. படித்து முடித்ததும் சில வருடம் படையில் வேலை பார்த்துத் தீர்க்க வேண்டும். நம்மிடமும் 1948-லிருந்து என்.சி.சி. இருக்கிறது. பையனைக் கல்லூரி வாசலில் விறைப்பாக நிற்கவைப்பதோடு நம் பங்கு முடிந்துவிடுகிறது.

விறைப்பாக நிற்பதில் எங்கள் பிள்ளைகளை யாரும் மிஞ்ச முடியாது. பட்டமளிப்பு விழாவுக்கு மாண்புமிகு யாராவது வந்தால் அணிவகுப்பு மரியாதை கேடட்டுகள்தான். வெயிலில் மூன்று மணி நேரம் காத்திருப்பார்கள். தேர்த் திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த அவர்கள்தான், தேர்தல் நாளில் முதியவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போக அவர்கள்தான். மேஜர் முகுந்த் வரதராஜன் நினைவு நாளுக்கு ஃபிளெக்ஸ் கட்டுவதும் அவர்களே. நம் ஊரில் படித்து, பறங்கிமலை ராணுவ ஆபீசர் அகாடமியில் பயிற்சி பெற்று, அசோக சக்ரா பெற்ற ஆபீசர் அவர். அவரைப்போல் ஆக வேண்டும் என்று ஒரு பையன் வந்து நின்றால் மட்டும், 'தம்பி, அதற்குக் கணக்குத் தலைப்பு இல்லை' என்கிறோம். 2021-ல் என்.சி.சி.யை விருப்பப் பாடமாக வைக்கச் சொல்லி யு.ஜி.சி. எழுதியது. கிரெடிட் கிடைத்தது சரி. பத்து நாள் முகாமுக்குப் போய் வந்த பையனுக்கு இன்டர்னல் மதிப்பெண்ணைக் குறைக்கிற துறைத்தலைவரை என்ன செய்வது? சரி, அது வேறு புலம்பல். விடுகிறேன்.

இருக்கிற உதவித்தொகைகளைச் சொல்லி என்னைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிரதமர் கல்வி உதவித்தொகையில் பெண்களுக்கு மாதம் 3,000, ஆண்களுக்கு 2,500 ரூபாய் உண்டுதான், அப்பா பட்டாளத்தில் இருந்தவரானால். கேடட் நலச் சங்கம் தருவது சிறு தொகை, படிப்பில் முந்தியவர்களுக்கு. பறங்கிமலைக்குள் போய்விட்டால் பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் கிடைக்கிறது. அந்த வாசல் வரைக்கும்தான் வழிச்செலவுக்கு ஆளில்லை.

வாசலோ நம் வீட்டு வாசல். 1963-லிருந்து சென்னைக்குள் இருக்கிறது அந்த அகாடமி. 1992-லிருந்து பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். கேடட்டுகளை அழைத்துக்கொண்டு நிறைவு அணிவகுப்பு பார்க்கப் போயிருக்கிறேன். பரமேஸ்வரன் ட்ரில் ஸ்கொயரில் அணிவகுப்பு முடிந்து, பெற்றோர் பிள்ளைகளின் தோளில் நட்சத்திரம் குத்தும் நேரத்தில் சுற்றிலும் ஹரியானா பேச்சு, பஞ்சாபிப் பேச்சு, கர்வாலிப் பேச்சு. நான் போன சமயங்களில் தமிழ் கேட்டது அபூர்வம். உடனே இதை வைத்து யாரும் மொழி அறிக்கை விட வேண்டாம். அறிக்கையைக் காட்டினால் பெங்களூர் ரயிலில் டிக்கெட் தர மாட்டார்கள்.

உதவித்தொகை தருவதென்று முடிவெடுத்தால், தயவுசெய்து என்.சி.சி. நுழைவோடு நிறுத்திவிடாதீர்கள். நம் கல்லூரிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மற்ற வழிகளே தெரியாது. ஆண்டுக்கு இரண்டு தடவை சி.டி.எஸ். என்னும் ஆபீசர் எழுத்துத் தேர்வு நடக்கிறது. பறங்கிமலைக்கு மட்டும் விண்ணப்பித்தால் அதில் கணிதத் தாள் இல்லை, ஆங்கிலமும் பொது அறிவும்தான். கணக்குக்குப் பயந்து ஒதுங்கும் வரலாற்றுத் துறைப் பையனுக்கு இதை யார் சொன்னார்கள்? பொறியியல் படித்தவர்களை மதிப்பெண் பார்த்து நேராக எஸ்.எஸ்.பி.க்குக் கூப்பிடும் தொழில்நுட்ப நுழைவு இருக்கிறது. சட்டம் படித்தவர்களுக்கு ராணுவத்தின் சட்டப் பிரிவான ஜாக். விமானப்படைக்கு ஏ.எஃப்.கேட். என்னும் நுழைவுத் தேர்வு. கடலோரக் காவல்படையில் உதவி கமாண்டன்ட். இவற்றில் எதற்குத் தயாராகும் பிள்ளையாக இருந்தாலும் அந்த நூறு பேரில் இடம் கொடுங்கள். ஆபீசராகத் தேறாமல் போனாலும் அந்தப் பயிற்சி வீணாகாது. ஆங்கிலத்தில் கூடிப் பேசப் பழகிய பையனுக்கு எந்தக் கம்பெனி நேர்காணலிலும் நாக்கு ஒட்டிக்கொள்ளாது.

செலவைப் பற்றி நிதித்துறை கேட்கும். நூறு பேருக்கு மாதம் 7,500 வீதம் பத்து மாதம் என்றால் 75 லட்சம் ரூபாய். உறைவிடப் பயிற்சிக்குக் கோடை விடுமுறையில் காலியாகக் கிடக்கும் அரசுக் கல்லூரி விடுதி ஒன்று போதும். தடை தாண்டும் மைதானத்தைக் கேடட்டுகளே ஒரு வாரத்தில் போட்டுவிடுவார்கள், சவுக்குக் கட்டையும் கயிறும் வாங்கிக் கொடுத்தால். வகுப்பெடுக்க ஓய்வுபெற்ற ஆபீசர்கள் சென்னையிலும் கோவையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள். கூப்பிடத்தான் ஒரு கடிதம் வேண்டும், அதில் உங்கள் கையெழுத்து வேண்டும்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். வரும் கல்வியாண்டு தொடங்குமுன், ராணுவ ஆபீசர் தேர்வுக்குத் தயாராகும் கல்லூரி மாணவ மாணவியர் நூறு பேருக்கு மாத உதவித்தொகையும் உறைவிடப் பயிற்சியும் அறிவியுங்கள். எழுத்துத் தேர்வு இல்லாத நுழைவும் போட்டித் தேர்வுதான் என்று அரசாணையிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் இதே பதிலை வேறொரு வாத்தியாருக்கும் அனுப்பிவிடுவார்கள். விண்ணப்பத்தில் பெற்றோர் வருமானச் சான்றைத் தவிர வேறு சான்று கேட்டு அலைக்கழிக்க வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள்.

வணிகவியல் வாத்தியார் தேவைப்பட்டால் பொது அறிவு வகுப்புக்கு நானே வருகிறேன். மதிப்பூதியம் வேண்டாம். வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆறு மாதம் கருவூலத்துக்கு நடக்கிற தெம்பும் இப்போது இல்லை.

நன்றி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுக் கல்லூரிப் பேராசிரியர், முன்னாள் என்.சி.சி. அலுவலர்