நாய் பெய்த இடத்தில் உப்பைக் கொட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், நாய் சிறுநீர் கழித்துப் புல்தரை கருகினால் அந்த இடத்தில் சுண்ணாம்பும் ஒரு பிடி கல்லுப்பும் தூவச் சொல்லியிருந்தார்கள். சிறுநீரில் இருக்கும் அமிலம் முறிந்துவிடுமாம். அதைப் படித்துவிட்டு எங்கள் தெருக்காரர் ஒருவர் மறுநாளே உப்புப் பாக்கெட்டோடு முற்றத்தில் இறங்கிவிட்டார். நல்லவேளை, பால் வாங்கப் போன நான் பார்த்துத் தடுத்தேன். மற்ற ஊர்களில் இறங்கியவர்களை யார் தடுப்பது என்றுதான் இந்தக் கடிதம்.

நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சுங்கான்கடையில் வீடு. மகன் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, "முற்றத்தில் சிமெண்டு தளம் வேண்டாம்பா, சூடு தாங்காது" என்று கொரியன் புல் பதித்துவிட்டுப் போனான். அவன் போட்டோவில் பார்ப்பதோடு சரி. களை பிடுங்குவதும் தண்ணீர் விடுவதும் நான்தான். சிக்குவுக்குச் சோறு வைப்பதும் நான்தான். சிக்கு எங்கள் பெட்டை நாய், நாட்டு இனம்.

போன வருஷம் தை மாதம் புல்லில் வட்ட வட்டமாக மஞ்சள் விழுந்தது. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் சிறியது. நடுவில் வைக்கோல் நிறம்; அதன் ஓரத்தைச் சுற்றி மட்டும் புல் கரும்பச்சையாக, மற்ற இடத்தைவிட ஒரு விரற்கடை உயரமாக நின்றது. முதலில் வேர்ப்புழு என்று சந்தேகப்பட்டுப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். புழு வேரைத் தின்றிருந்தால் புல் பாய் சுருட்டுவது போல உரிந்து வந்துவிடும். இது வரவில்லை, வேர் மண்ணைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. அப்புறம் எதிர்வீட்டு ஆண் நாய்மேல் பழியைப் போட்டேன். இரண்டு நாள் அந்த வீட்டுக்காரரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில், இரவு விழுந்த தேங்காயை எடுக்க இறங்கியபோது பார்த்தால், சிக்கு புல்லுக்கு நட்டநடுவில் குந்தியிருக்கிறது.

ஆண் நாய் பெரும்பாலும் காலைத் தூக்கி கேட் தூணிலும் செம்பருத்தி மூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டு போகும். பெட்டை நாய் குந்தி மொத்தத்தையும் ஒரே இடத்தில் விடுகிறது. பெட்டைக்கு விஷம் கூடுதல் என்று சொல்வது சும்மா பேச்சு. குந்திப் பெய்கிற ஆண் குட்டியும் இதே வட்டத்தைத்தான் உண்டாக்கும். எதிர்வீட்டுக்காரரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பை இங்கே எழுத வேண்டாம்.

அந்தக் கரும்பச்சை வளையத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அப்பாவுக்குப் பறக்கையில் கொஞ்சம் வயல் இருந்தது. நெல்லுக்கு மேலுரம் வீசும்போது கூடையைப் பிடித்துக்கொண்டு கூடவே போவேன். ஒருநாள் கால் வழுக்கி, இரண்டு மூன்று பிடி யூரியா ஒரே இடத்தில் கொட்டிவிட்டது. அந்த இடத்தில் பயிர் கருகியது, சுற்றியிருந்த பயிர் கருகருவென்று எழுந்தது. வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. நாய் செய்வதும் இதே வேலைதான். தின்ற மீனிலும் இறைச்சியிலும் உள்ள புரதத்தில் உடம்புக்குத் தேவைப்படாத நைட்ரஜன், யூரியாவாக மாறித்தான் சிறுநீரில் வெளியேறுகிறது. கடையில் விற்கும் யூரியா மூட்டையிலும் 46 சதவீதம் நைட்ரஜன்தான். அது மொத்தமாக விழும் நடுப்பகுதி கருகுகிறது, ஓரத்தில் நீர்த்து இறங்கும் இடத்துக்கு உரமாகிறது.

கருகலுக்கு இன்னொரு பங்காளி சிறுநீரிலுள்ள உப்புகள். அதன்மேல் கல்லுப்பையும் போட்டால் அங்கே புல் மட்டுமல்ல, பூண்டுகூட முளைக்காது. சமையல் சோடா போடலாமே என்று நினைத்தால், அதுவும் அந்த உப்புச் சாதிதான். சுண்ணாம்பால் மண்ணின் புளிப்பை, அதாவது அமிலத்தன்மையைத்தான் மாற்ற முடியும், குவிந்த நைட்ரஜனை அது தொடக்கூட முடியாது.

வேண்டியது தண்ணீர், அதுவும் சூட்டோடு சூடாக. ஆனியிலும் ஐப்பசியிலும் சிக்கு இதே புல்லில்தான் போகிறது, ஒரு வட்டம்கூட விழுவதில்லை. மழை கழுவிக்கொண்டு போய்விடுகிறது. தை, மாசி, பங்குனிதான் ஆபத்து. நாய் எழுந்து நகர்ந்ததும் அரை வாளித் தண்ணீரை அந்த இடத்தில் மட்டும் மெதுவாக ஊற்றினால் போதும். ஒருசில மணி நேரம் தாமதித்தாலும் பாதகமில்லை. மறுநாள் மஞ்சள் கண்ட பிறகு ஊற்றிப் பயனில்லை. கோடையில் எங்கள் கிணறும் அடியைக் காட்டிவிடும் என்பதால் அரிசி கழுவிய தண்ணீரைச் சேர்த்து வைத்து ஊற்றினேன். மீன் கழுவிய தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். ஒருமுறை ஊற்றிவிட்டு தெருப் பூனைகள் அத்தனைக்கும் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

எத்தனை நாள் வாளியோடு நாயின் பின்னால் நடப்பது? அதனால் கொல்லையில், உரக்குழிக்குப் பக்கத்தில் கட்டில் அகலத்துக்கு மண்ணை வெட்டி, எம்-சாண்ட் நிரப்பினேன். பக்கத்தில் எங்கள் ஊர் மண்பானை ஒன்றில் தண்ணீரும், ஊற்ற ஒரு கோப்பையும். சிக்கு பெய்த இடத்து மண்ணை ஒரு கரண்டி எடுத்து வந்து மணலில் போட்டதும் அதற்கு வாசனை கிடைத்துவிட்டது. காலையிலும் இரவிலும் சங்கிலி போட்டு நேரே அங்கேதான் கூட்டிப் போனேன். காரியம் முடிந்ததும் உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த சாளை மீனில் ஒரு துண்டு. மூன்று வாரத்தில் தானாகவே போகப் பழகிவிட்டது. முற்றத்தில் கருகியிருந்த புல்லைச் சுரண்டி எடுத்து, நன்றாக நனைத்து, கிணற்றோரத்திலிருந்து உள்ளங்கையளவு துண்டுகள் வெட்டிப் பதித்தேன். கொரியன் புல் மெதுவாகத்தான் படரும். மூடுவதற்கு ஆடி ஆகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாய்ச் சாமான் விற்கும் கடை ஒன்றில், சோற்றில் கலந்தால் சிறுநீர் புல்லைக் கருக்காது என்று எனக்கு ஒரு மாத்திரையைக் காட்டினார்கள். சிறுநீரின் புளிப்பை மாற்றும் மருந்தாம். புளிப்பு இப்படியோ அப்படியோ மாறினால் நாய்க்குச் சிறுநீர்ப்பையில் கல் உண்டாக வாய்ப்பிருக்கிறது. கால்நடை மருத்துவரைக் கேட்காமல் யாரும் கொடுக்க வேண்டாம். தாகம் எடுத்து நிறையக் குடிக்கட்டும் என்று சோற்றில் உப்பைக் கூட்டுவதும் தப்பு. குடிக்க நல்ல தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருந்தாலே போதும்.

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடிக்க இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. அதுவரை எத்தனை முற்றங்களில் உப்பு விழுமோ தெரியாது. ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமையே, அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர்,
சுங்கான்கடை, கன்னியாகுமரி மாவட்டம்.