ட்வீசில் ஸாப்பாவை ‘வாரிசு’ என்று எழுதுமுன்: ராக் விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராக் இசை பற்றித் தமிழில் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் மகனும் கிட்டார் கலைஞருமான ட்வீசில் ஸாப்பா பற்றிய பேச்சு வந்தாலே “அப்பா பாட்டை வைத்துக் காலம் தள்ளுகிறார்” என்ற வரியும் கூடவே வந்துவிடுகிறது. கிட்டார் மேதை எடி வான் ஹேலனின் மகன் வோல்ஃப்காங் வான் ஹேலன் நேர் எதிர். தன் கச்சேரிகளில் எடியின் பாடல்களைத் தொடுவதில்லை. 2021-இல் வந்த முதல் ஆல்பத்தில் எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்துப் பாடியும் இருக்கிறார். அவரிடமோ “அப்பா மாதிரி வருமா?” என்கிறார்கள். அப்பா பாட்டை வாசித்தாலும் குற்றம், வாசிக்காவிட்டாலும் குற்றம்.

ட்வீசில் விஷயத்தில் இந்தக் குற்றச்சாட்டு அடிப்படையிலேயே தவறு. ஃபிராங்க் ஸாப்பா மேடையில் கிட்டாரில் வாசித்தவை பெரும்பாலும் அந்த நேரத்துக் கற்பனை சோலோக்கள். எழுதிவைத்த கடினமான பகுதிகளை தன் குழுவின் ரூத் அண்டர்வுட் வாசித்த மரிம்பாவுக்கும் (மரக்கட்டைகளைக் கோலால் தட்டும் வாத்தியம்), பின்னாளில் ஸ்டீவ் வாய் போன்ற கிட்டார் கலைஞர்களுக்கும் கொடுத்துவிடுவார். அந்த மரிம்பா வரிகளைத்தான் மகன் கிட்டாரில் எடுத்தார். அதாவது, அப்பா வாசிக்காததை.

மரிம்பாவில் இரண்டு கோல்கள். ஒன்று அடிக்கும்போது மற்றது அடுத்த கட்டையின் மேல் தயாராக நிற்கும். கிட்டாரில் இருப்பது தந்தியை மீட்டும் ஒரே வில்லை, அதாவது பிக். ஃபிராங்கின் ‘இன்கா ரோட்ஸ்’ போன்ற உருப்படியில் ஒரு தந்தியில் ஒரு ஸ்வரம், உடனே தந்தி தாண்டி இன்னொன்று என்று வரும்போது, கீழ்-மேல் என மாறி மாறி அடிக்கும் வழக்கமான முறையில் பிக் நடுத் தந்தியில் சிக்கும். இதற்கு வேகப் பயிற்சி மருந்தல்ல. தாவல்கள் பக்கத்துத் தந்திகளில் விழும்படி விரலமைப்பை மாற்ற வேண்டும். பக்கத்துத் தந்திக்குப் போகும்போது பிக்கைத் திருப்பாமல் அதே திசையில் தள்ள வேண்டும். மிச்சத்தை இடது கை ஹேமர்-ஆனில், அதாவது பிக் இல்லாமல் விரலால் தந்தியை அடித்து ஒலிக்கவைத்து, சமாளிக்க வேண்டும். இருபது வருடப் பழக்கத்தைக் கலைக்கிற வேலை இது. 2006-இல் அப்பாவின் இசையை வாசிக்கும் தன் குழுவான ‘ஸாப்பா பிளேஸ் ஸாப்பா’ மேடையேறுமுன் ட்வீசில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளை இதற்கே செலவழித்தார்.

‘தி பிளாக் பேஜ்’ இன்னும் மோசம். ஃபிராங்க் தன் குழுவின் டெர்ரி போஸியோவின் டிரம்ஸுக்காக எழுதியது. காலம் 4/4தான், உள்ளே திஸ்ரம் (மூன்றாகப் பிரிப்பது), அந்தத் திஸ்ரத்துக்குள் கண்டம் (ஐந்தாகப் பிரிப்பது). தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 40 தட்டில் வைத்து, காலால் திஸ்ரத்தைத் தட்டி, ஒவ்வொரு தட்டுக்குள்ளும் ‘தகதகிட’ சொல்லிப் பாருங்கள். எல்லோரும் முதல் மூன்று எழுத்தை அவசரமாகச் சொல்லிவிட்டுக் கடைசியை இழுப்பார்கள். அடுத்த சமம் தள்ளிப் போய்விடும். வாய்க்கு வராதது விரலுக்கு வராது.

‘ஹாட் ராட்ஸ்’ ஆல்பம் 1969-இல் வந்தபோது பிறந்த குழந்தை ட்வீசிலுக்குத்தான் ஃபிராங்க் அதைச் சமர்ப்பித்தார். அதிலுள்ள ‘பீச்சஸ் என் ரிகேலியா’வை வாசித்து 2009-இல் கிராமி வாங்கியது மகனின் குழு.

பெயர் சும்மா கிடைத்தது என்போர் பத்திரத்தையும் பார்க்கவும். தாய் கேய்ல் 2015-இல் இறந்தபின் குடும்ப அறக்கட்டளையில் இளைய இருவருக்குத் தலா 30%, மூத்தவர்களான மூனுக்கும் ட்வீசிலுக்கும் தலா 20%. ‘ஸாப்பா பிளேஸ் ஸாப்பா’ என்ற பெயரின் உரிமை அறக்கட்டளையிடம். பத்தாண்டு வாசித்த பெயரை 2016-இல் அவர் கைவிட வேண்டியதாயிற்று. குடும்பத்துக்குள் சமரசம் வந்தது 2018-இல்.

குறை சொல்லவே கூடாது என்பதல்ல. 80-களின் ஆல்பங்களில் வேகம் அதிகம், சரக்கு சுமார். டிஜிட்டல் ஆம்ப் கருவியில் கச்சிதமாக அமைத்த அவரது நாதம் சில சமயம் அளவுக்கு மீறிச் சுத்தம். நாதத்தை மாற்றும் வா-வா பெடலைப் பாதியில் நிறுத்தி, மூக்கடைத்த குரலில் தன் எஸ்.ஜி. கிட்டாரை உறுமவிட்ட ஃபிராங்கின் முரட்டுத்தனம் அதில் இல்லை என்பது எங்கள் எண்ணம். உங்கள் அடுத்த கட்டுரையில் இதைப் பற்றிச் சண்டை போடுங்கள், நாங்களும் வருகிறோம். எழுதுமுன், 1978-இல் வந்த ‘ஸாப்பா இன் நியூயார்க்’கின் ‘பிளாக் பேஜை’யும் மகன் குழுவின் பதிவையும் அடுத்தடுத்து ஹெட்போனில் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கிட்டார் கற்பிப்போர் சிலர்