எப்போது நிறுத்த வேண்டும் என்றும் சொல்லுங்கள், டாக்டர்

மதிப்பிற்குரிய மனநல மருத்துவர்களுக்கு,

வணக்கம். மனநிலையைச் சீராக்க நீங்கள் எழுதித் தரும் லாமோட்ரிஜின், கார்பமசிபைன் மாத்திரைகள் சிலருக்குத் தோலையே உரித்துவிடும் என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம் என்ற அந்த நோயின் பெயரை நீங்கள் கல்லூரியில் கேட்டிருப்பீர்கள். நாங்கள் தீக்காய வார்டில் கேட்டோம்.

என் தம்பிக்கு பைபோலார், மனநிலை உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறிப் போகிற நோய். அதற்கு வால்ப்ரோயேட் என்ற மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்கு லாமோட்ரிஜினும் எழுதினார்கள். "ஒரு வேளைகூட விடக் கூடாது" என்று அழுத்திச் சொன்னார் டாக்டர். 17ஆம் நாள் காய்ச்சல், கண் சிவப்பு, வாய்ப்புண், அப்புறம் நெஞ்சில் சிவப்புப் புள்ளிகள். அம்மை போட்டிருக்கிறது என்று அம்மா வாசலில் வேப்பிலை செருகினார். அம்மை கண்டால் எந்த மருந்தையும் வீட்டுக்குள் விடாதவர், இந்த மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. டாக்டர் சொல்லியிருக்கிறாரே! உதடு வெந்து, எச்சில்கூட விழுங்க முடியாமல் கிடந்தவனுக்கு மாத்திரையைப் பொடித்து இளநீரில் கரைத்து 3 நாள் ஊட்டினார். "என் கையாலேயே கொடுத்தேனே" என்று இன்றும் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்.

வால்ப்ரோயேட் கூட இருந்தால் ரத்தத்தில் லாமோட்ரிஜின் அளவு இரு மடங்குக்கு ஏறுமாம். அதனால் முதல் 2 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 25 மில்லிகிராம்தான் தர வேண்டுமாம். தம்பியின் சீட்டில் தினமும் 50. சரி, அத்தனை கூட்டத்தில் தவறு நடக்கும். நான் வழக்குப் போட வரவில்லை. மாத்திரையே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மாத்திரை இல்லாத நாட்களில் தம்பி பட்ட பாட்டையும் பார்த்தவள் நான். எதைக் கண்டால் நிறுத்திவிட்டு ஓடிவர வேண்டும் என்று தமிழில் நாலு வரி கேட்கிறேன், அவ்வளவுதான்.

கடையில் அட்டையை வெட்டி ஐந்து மாத்திரை தருகிறார்கள். எச்சரிக்கைத் தாள் பெட்டியோடு அங்கேயே தங்கிவிடுகிறது. கிடைத்தாலும் எறும்பு ஊர்கிற மாதிரி ஆங்கிலம். சினிமாவில் கதாநாயகன் சிகரெட்டைத் தொட்டாலே எச்சரிக்கை ஓடுகிற நாடு இது! சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளியினருக்கு கார்பமசிபைன் தொடங்கும் முன், இந்த நோய் வரும் ஆபத்து இருக்கிறதா என்று மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். நாங்கள் அவ்வளவு பேராசைப்படவில்லை. ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும்.

கோபத்தில் மிகையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "தடிப்பு, வாய்ப்புண், கண் எரிச்சல், காய்ச்சல் வந்தால் இந்த மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வாருங்கள்." அடுத்த சீட்டிலிருந்து இதைத் தமிழில் எழுதித் தாருங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
மணிக்கொரு தரம் தம்பிக்குக் கண்சொட்டு விடும் ஓர் அக்கா